குமரியும் கிரீன்லாந்தும் ஒரே மேசையில்: கண்டங்களை எண்ண முயன்ற ஒரு கண்காட்சியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூரு அல்சூர் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து ஞாயிறுதோறும் ஒரு தமிழ் வகுப்பை நடத்தி வருகின்றன. அங்கே ஒரு பொங்கல் கண்காட்சிக்கான ஏற்பாட்டின்போது எழுந்த கருத்து மோதலையும், அது எவ்வாறு கையாளப்பட்டது என்பதையும் இந்தப் பதிவு விவரிக்கிறது. வகுப்பின் ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் நான் இதை எழுதுகிறேன். பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

வகுப்பில் படிப்பவர்கள் பெரும்பாலும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். பள்ளியில் பாடங்களை ஆங்கிலத்திலும் தெருவில் நடப்பதைக் கன்னடத்திலும் புரிந்துகொள்ளும் இவர்களுக்குத் தமிழ் என்பது வீட்டுப் பேச்சாக மட்டும் சுருங்கிவிடக் கூடாது, அறிவியலையும் அதில் சொல்லிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் ஆண்டுதோறும் ஒரு பாடப்பொருளை எடுத்துக் கண்காட்சி வைக்கிறோம். அந்த ஆண்டின் தலைப்பு ‘நிலமும் கடலும்’. மண்டபத்தின் நடுவே பெரிய உலக வரைபடம், அதைச் சுற்றிக் கண்டத்துக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு குழு என்பது திட்டம். மேசைகள் ஏழு என்பதைப் பற்றி யாரும் விவாதிக்கவில்லை; பாடநூலில் ஏழு என்று இருந்தது.

சிக்கல் எழுந்த விதம்

முதல் கேள்வி ஒரு மாணவியிடமிருந்து வந்தது. சுவரில் தொங்கிய வரைபடத்தைப் பார்த்து, “மிஸ், கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு இருக்கே, அதுக்கு ஏன் மேசை இல்லை?” என்று அவள் கேட்டாள். அந்த வரைபடம் மெர்கேட்டர் முறையில் வரையப்பட்டது. துருவத்தை நெருங்க நெருங்க நிலப்பரப்பைப் பெரிதாக்கிக் காட்டும். உண்மையில் கிரீன்லாந்தின் பரப்பு சுமார் 21.66 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆப்பிரிக்காவுக்கு மூன்று கோடிக்கு மேல், அதாவது ஏறத்தாழ பதினான்கு மடங்கு. இதைச் சொன்னதும் அவள் விடவில்லை. சிறியது என்பதால்தான் அது கண்டமில்லை என்றால், எவ்வளவு பெரிதாக இருந்தால் கண்டம் என்பதுதான் அவளுடைய அடுத்த கேள்வி. ஆசிரியையிடம் உடனடி விடை இல்லை. அடுத்த வாரம் பேசலாம் என்று அதைக் குறித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் வேறு திசையிலிருந்து அழுத்தம் வந்தது. கண்காட்சியின் அச்சுச் செலவை ஏற்றுக்கொண்டிருந்த மூத்த உறுப்பினர் ஒருவர், எட்டாவதாக, தமிழகத்துக்குத் தெற்கே கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் குமரிக்கண்டத்துக்கும் ஒரு மேசை வேண்டும் என்றார். பிள்ளைகள் ‘தாத்தா’ என்றும் நாங்கள் ‘ஐயா’ என்றும் அழைக்கும் அவர், வெறும் பிடிவாதத்தால் பேசுகிறவர் அல்லர். மொரீஷியஸ் தீவுக்கு அடியில் பழங்கண்டத்தின் துண்டு இருப்பதாக வந்த நாளிதழ்ச் செய்தியைக் கத்தரித்து, நெகிழி உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பெற்றோர் ஒருவர், பள்ளி ஆசிரியர்களும் பார்க்க வரும் இடத்தில் இப்படி வைத்தால் வகுப்பின் மீதுள்ள மதிப்பே போய்விடும் என்று எதிர்த்தார். அன்று இரவே வாட்ஸ்அப் குழுவில் இரு தரப்பும் சூடாக எழுதத் தொடங்கின.

இந்த நிலையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் சிலாந்தியாவைப் பற்றிப் படித்துவிட்டு வந்தான். நியூசிலாந்தைச் சுற்றிச் சுமார் 49 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில், ஏறத்தாழ 94 விழுக்காடு கடலுக்கு அடியில் கிடக்கும் அந்த நிலத்தைக் கண்டம் என்றே கொள்ள வேண்டும் என்று நிலவியலாளர் நிக் மார்ட்டிமரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். மாணவனின் கேள்வி இது: மூழ்கிக் கிடப்பது ஒரு தடை இல்லையென்றால், சிலாந்தியாவுக்கு ஒரு நியாயம், குமரிக்கு ஒரு நியாயமா? வாட்ஸ்அப்பில் எழுதப்பட்ட எல்லாவற்றையும் விட இந்த ஒரு கேள்விதான் விடை தேடத் தக்கது என்று எனக்குப் பட்டது.

கவனித்தவை

குழுவின் உரையாடல்களைத் திரும்பப் படித்தபோது, எல்லோரும் ‘கண்டம்’ என்றே சொன்னாலும் மூன்று வெவ்வேறு அளவுகோல்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியது தெரிந்தது. ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிரித்து எண்ணும்போது வழக்கத்தைக் காட்டினார்கள். கிரீன்லாந்தை விலக்கும்போது பரப்பளவையும் சூழ்ந்திருக்கும் கடலையும் காட்டினார்கள். சிலாந்தியா என்று வந்தபோது பாறையைக் காட்டினார்கள். தனக்கு வேண்டிய விடையைத் தரும் அளவுகோலை அந்தந்த நேரத்தில் கையில் எடுத்துக்கொண்டதால் விவாதம் ஓரிடத்திலும் நிற்கவில்லை.

வழக்கமும் எல்லா நாட்டுக்கும் ஒன்றல்ல. இந்தியாவிலும் சீனாவிலும் ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் ஏழு என்று கற்பிக்கிறார்கள். லத்தீன் அமெரிக்க நாடுகளில் வட, தென் அமெரிக்காக்களை ஒன்றாகச் சேர்த்து எண்ணுவது வழக்கம். ஒலிம்பிக் கொடியின் ஐந்து வளையங்கள் அவ்வாறு சேர்த்த அமெரிக்காவையும், மக்கள் வாழும் மற்ற நான்கையும் குறிக்கின்றன. புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து நீக்க 2006-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் வாக்கெடுத்தது போல, கண்டங்களுக்கு ஓர் அமைப்பு தீர்ப்புச் சொன்னதுண்டா என்று ஒரு பிள்ளை கேட்டான். அப்படித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பெற்ற அமைப்பு எதுவும் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வாக்கெடுப்பு நடத்திவிடலாம் என்று சிலர் சொன்னதை ஏற்கவில்லை. பெரும்பான்மை எந்தப் பக்கம் இருந்தாலும் மாணவனின் கேள்வி அப்படியே மிஞ்சியிருக்கும். மாறாக, கண்டம் என்று சொல்லப்படும் ஒவ்வொன்றையும் ஒரே தொகுப்புக் கேள்விகளுக்கு உட்படுத்துவது, அளவுகோலை முதலிலேயே சுவரில் எழுதி வைப்பது, பிறகு எந்த மேசை மிஞ்சுகிறதோ அது மிஞ்சட்டும் என்று விடுவது என முடிவு செய்தோம். நிலவியல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் எங்கள் உறுப்பினரின் உறவினர். அவரை வழிகாட்டியாக அழைத்தோம். ஐயாவையும் அதே அமர்வுகளுக்கு அழைத்தோம். அவர் இல்லாத கூட்டத்தில் அவருடைய மேசையை நீக்குவது முறையாகாது என்பதே அதற்குக் காரணம்.

அம்மையார் முன்வைத்த அளவுகோல், சிலாந்தியா கட்டுரை பயன்படுத்திய அதே அளவுகோல்தான். நிலம் தன்னைச் சுற்றிய ஆழ்கடல் தரையை விட உயர்ந்து நிற்க வேண்டும். சிலிக்கா மிகுந்த தீப்பாறை, உருமாறிய பாறை, படிவுப்பாறை எனப் பலவகைப் பாறைகள் அதில் இருக்க வேண்டும். ஓடு என்பது பூமியின் மேற்புறப் பாறை அடுக்கு; கடலுக்கு அடியிலுள்ள ஓட்டைக் காட்டிலும் அதன் ஓடு தடித்ததாகவும், அடர்த்தி குறைந்ததாகவும் இருக்க வேண்டும். இவற்றோடு, தெளிவான எல்லைக்குள் போதிய அளவு பெரிதாகவும் இருக்க வேண்டும். கடல்நீர் எங்கே நிற்கிறது என்பது இந்த நான்கிலும் இல்லை என்பதை அவர் அழுத்திச் சொன்னார். கண்ட ஓடு பொதுவாக 30 முதல் 45 கிலோமீட்டர் தடிமன் கொண்டது; கடலடி ஓட்டுக்கு ஏழு கிலோமீட்டர் அளவே. முன்னது இலேசானது என்பதால் உயர்ந்து மிதக்கிறது, பின்னது கனமானது என்பதால் தாழ்ந்து கிடக்கிறது. கடல்நீர் அந்தத் தாழ்வில் தேங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

லால்பாகில் ஒரு காலை

இதைச் சொல்லால் மட்டும் விளக்கினால் பிள்ளைகளிடம் நிற்காது என்று அம்மையார் கருதியதால், ஒரு ஞாயிறு வகுப்பை லால்பாக் தோட்டத்துக்கு மாற்றினோம். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்தப் பாறைக் குன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. தீபகற்ப நைஸ் எனப்படும் அந்தப் பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். காலை நேரத்தில் குன்று முழுக்க நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள். அவர்களுக்கு நடுவே பிள்ளைகள் மண்டியிட்டு, வெளிறிய பட்டையும் கறுத்த பட்டையும் மாறி மாறி வளைந்து ஓடுவதை விரலால் பின்தொடர்ந்தார்கள். கடலடி ஓடு பெரும்பாலும் எங்கும் 20 கோடி ஆண்டுக்கு உட்பட்டதே, ஏனென்றால் அது தொடர்ந்து பிறந்து, தொடர்ந்து உள்ளே அமிழ்ந்து அழிகிறது. கண்டத்துப் பாறை அவ்வளவு எளிதில் அமிழ்வதில்லை என்றார் அம்மையார். ஒரு சில்லைக்கூடப் பெயர்க்க அவர் விடவில்லை. நினைவுச்சின்னம் என்பது முதல் காரணம். ஊரெங்கும் வீடு கட்டும் இடங்களில் அதே கல் கிடக்கிறது என்பது இரண்டாவது.

அப்படி ஒரு கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டு வாங்கிய கருங்கல் துண்டையும், ஒரு மாணவனின் மாமா புனேயிலிருந்து கொண்டுவந்த கறுத்த எரிமலைக் கல்லையும் வகுப்பில் எடை பார்த்தோம். பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் கல்லைச் சணல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு ஒருமுறை, வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒருமுறை எடை பார்த்து, முதல் எடையை இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்தார்கள். கருங்கல் 2.7-ஐ ஒட்டி வந்தது. புனே கல் 2.9-ஐத் தாண்டியது. தக்காணத்து எரிமலைக் கல் கண்டத்தின் மேல் வழிந்து உறைந்ததுதான், கடலடியிலிருந்து எடுத்ததல்ல; ஆனால் கடலடி ஓடும் இதே பசால்ட் இனத்துப் பாறையால் ஆனது என்பதால் ஒப்பிடலாம் என்று அம்மையார் விளக்கினார். தசமத்தில் இவ்வளவு சிறிய வேறுபாடு கடலையும் கரையையும் பிரிக்கிறது என்பதைப் பிள்ளைகள் நம்பத் தயங்கினார்கள். கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தார்கள்.

ஒவ்வொன்றாகச் சோதித்தபோது

கிரீன்லாந்து விரைவில் முடிந்தது. அதன் பாறை கனடாவின் பழம்பாறையோடு ஒன்றியது, இரண்டும் ஒரே தட்டில் (மெல்ல நகரும் பெரும் பாறைப் பாளம்) உள்ளன, இடையிலுள்ள நீரிணை ஓரிடத்தில் சுமார் 30 கிலோமீட்டராகக் குறுகுகிறது. எனவே அது வட அமெரிக்காவின் பகுதி. பரப்பளவு காரணமே தேவைப்படவில்லை. அண்டார்க்டிகாவும் தடையின்றித் தேறியது. வடதுருவத்துக்கு ஏன் மேசை இல்லை என்ற கேள்விக்கு, அங்கே பனிக்கட்டிக்குக் கீழே 4,000 மீட்டருக்கு மேல் ஆழமான கடல்தான் இருக்கிறது, அண்டார்க்டிகாவிலோ பனிக்குக் கீழே கண்ட ஓடு இருக்கிறது என்பது போதுமான விடையாக இருந்தது.

ஐரோப்பாதான் தேறவில்லை. அதற்கும் ஆசியாவுக்கும் இடையே கடலும் இல்லை, ஓட்டில் முறிவும் இல்லை. நிலம் ஒன்றாக இருக்க அதற்கு ஐரோப்பா, ஆசியா, லிபியா (ஆப்பிரிக்கா) என மூன்று பெயர் எதற்கு என்று கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் வியந்திருக்கிறார். யூரல் மலையை எல்லையாகக் கொள்ளும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. ஸ்வீடன் நாட்டு அதிகாரி ஸ்ட்ராலென்பெர்க் 1730-இல் வெளியிட்ட நூலுக்கும், ரஷ்ய அறிஞர் தாத்திஷேவுக்கும் அதில் பங்குண்டு. யூரலின் மிக உயர்ந்த சிகரம் 1,900 மீட்டரைத் தொடவில்லை என்று தெரிந்ததும், அது ஊட்டியின் தொட்டபெட்டாவை விடக் குட்டை என்று பிள்ளைகள் சிரித்தார்கள். இருந்தாலும் யூரல் வெறும் கோடு அல்ல. முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு பழங்கண்டங்கள் மோதி ஒட்டிய தையல் அது. அப்படித் தையலைக் கணக்கில் எடுத்தால், சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் ஆசியாவோடு மோதிய இந்தியாவுக்கு ஐரோப்பாவை விடக் கண்டம் என்ற உரிமை அதிகம். இந்தியா துணைக்கண்டம், ஐரோப்பா முழுக்கண்டம் என்ற பிரிவினைக்குப் பாறையில் ஆதாரம் இல்லை. யார் முதலில் வரைபடம் வரைந்தார்கள் என்பதில் இருக்கிறது என்பது என் கருத்து. அம்மையார் இவ்வளவு தூரம் போகவில்லை.

நிலவியல் தட்டுகளையே கண்டமாக எண்ணிவிடலாமே என்ற யோசனையும் வந்தது. வட அமெரிக்கத் தட்டு சைபீரியாவின் கிழக்குக் கோடி வரை நீள்கிறது. அரேபியா தனித் தட்டு. பசிபிக் தட்டோ ஏறத்தாழ முழுவதும் கடல். யோசனை அங்கேயே கைவிடப்பட்டது.

சிலாந்தியா தேறியது. சுற்றியுள்ள கடல் தரையை விட உயர்ந்து நிற்கிறது, கருங்கல்லும் உருமாறிய பாறையும் அதில் உண்டு, ஓடு சாதாரணக் கண்டத்தை விட மெலிந்தாலும் கடலடி ஓட்டை விடத் தடித்தது. சுமார் எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு தென்கண்டங்கள் ஒன்றாக இணைந்திருந்த கோண்டுவானா என்ற பழம்பெரும் நிலத்திலிருந்து பிரிந்து, இழுபட்டு மெலிந்ததால் தாழ்ந்து மூழ்கியது. கட்டுரையாளர்கள் கண்டத்துக்கும் நுண்கண்டத்துக்கும் இடையே பத்து லட்சம் சதுர கிலோமீட்டரை எல்லையாக வைத்திருந்தார்கள். இந்த எண் இயற்கை வைத்தது அல்ல, ஆய்வாளர்கள் தேர்ந்தது என்பதையும் சுவரில் எழுதச் சொன்னோம்.

குமரி பற்றிய அமர்வு

இந்த அமர்வுதான் நீண்டது. ஐயா முன்வைத்த சான்றுகள் இரண்டு வகை. இலக்கியச் சான்றாக, பஃறுளியாற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரம் சொல்வதைக் காட்டினார். அறிவியல் சான்றாக மொரீஷியஸ் செய்தியைக் காட்டினார்.

அம்மையார் இரண்டாவதிலிருந்து தொடங்கினார். செய்தி உண்மையானது. மொரீஷியஸின் எரிமலைப் பாறை ஒரு கோடி ஆண்டு வயதுகூட ஆகாதது; ஆனால் அதற்குள் சுமார் 300 கோடி ஆண்டு வயதுடைய சிர்கான் என்ற கனிமத்தின் மணிகள் கிடைத்தன என்று 2017-இல் வெளியிட்டார்கள். கீழே கண்டத் துண்டு ஒன்று புதைந்திருப்பதற்கு அது வலுவான சான்று. ஆனால் அது சிறு துண்டு. பிரிந்தது பல கோடி ஆண்டுகளுக்கு முன். இருப்பது ஆப்பிரிக்காவின் பக்கம். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கினங்கள் இருப்பதை விளக்க விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்கிளேட்டர் 1864-இல் லெமூரியா என்ற மூழ்கிய நிலத்தைக் கற்பித்தார்; குமரிக்கண்டத்தோடு இணைத்துப் பேசப்படுவது அதுதான். கண்டங்களே நகர்கின்றன என்று உறுதியானபின் அந்தக் கற்பனைக்குத் தேவை இல்லாமல் போயிற்று. கன்னியாகுமரிக்குத் தெற்கே, கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல்தரை முடிந்தபின் இருப்பது மெல்லிய கடலடி ஓடு. இந்தியா அண்டார்க்டிகாவிடமிருந்து பிரிந்து விலக விலக, இடையில் புதிதாக உருவானது அது. அங்கே ஒரு கண்டம் மூழ்கியிருந்தால் தடித்த ஓடு இன்றும் கிடக்க வேண்டும். கண்ட ஓடு கரைந்து மறைவதில்லை.

ஐயா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படின்னா கடல் கொண்டதுங்கிறது முழுக்கப் பொய்யாம்மா?” என்று கேட்டார். இல்லை என்றார் அம்மையார். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனி உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது பாக் நீரிணை நிலமாக இருந்தது. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். குமரி முனைக்குத் தெற்கிலும் கரை பல கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பனி உருகி நீர் ஏறியதில் அந்த நிலம் போயிற்று. சிலம்பு சொல்வதும் ஓர் ஆறு, ஒரு மலைக்கோடு ஆகியவற்றைத்தான். அந்த நினைவு இந்த நீரேற்றத்தோடு தொடர்புடையதா என்பதைப் பாறையை வைத்துத் தீர்க்க முடியாது. ஆனால் கடல் நிலத்தைக் கொண்டது என்பது தமிழகக் கரையில் நடந்ததுதான். அது கடல் மட்டம் பற்றிய கேள்வி, கண்டம் பற்றிய கேள்வி அல்ல.

மாணவனின் கேள்விக்கும் இங்கேதான் விடை கிடைத்தது. சிலாந்தியாவுக்கும் குமரிக்கும் ஒரே நியாயம்தான் பயன்படுத்தப்பட்டது. மூழ்கியது என்பதால் ஒன்று ஏற்கப்படவும் இல்லை, மற்றொன்று தள்ளப்படவும் இல்லை.

பின்விளைவுகள்

மேசைகள் இறுதியில் எட்டானது, ஆனால் யாரும் முதலில் நினைத்த எட்டு அல்ல. பாடநூலின் ஏழும் அப்படியே இருந்தன. ஐரோப்பா மேசையில் ‘வழக்கத்தால் கண்டம்’ என்று எழுதப்பட்டது. எட்டாவது மேசை சிலாந்தியாவுக்குப் போயிற்று. நுழைவாயிலை ஒட்டி ‘கடல்கோள்’ என்று தனிப் பலகை வைத்து, இன்றைய தமிழகக் கரையையும் கடல் 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோதைய கரையையும் இரு நிறங்களில் வரைந்தோம். அதற்கான அச்சுச் செலவையும் ஐயாவே கொடுத்தார். வந்தவர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல நாள் முழுவதும் அங்கேயே நின்றார். எல்லா மேசைகளையும்விட அங்கேதான் கூட்டம் அதிகம். எதிர்த்த பெற்றோருக்கு அந்தப் பலகையின் தலைப்பு கடைசி வரை பிடிக்கவில்லை.

எதிர்பாராத விளைவு ஒன்று பள்ளித் தேர்வில் வந்தது. கண்டங்கள் எத்தனை என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்கு எங்கள் மாணவன் ஒருவன் அளவுகோலைப் பொறுத்தது என்று ஐந்து வரி எழுதி, மதிப்பெண்ணை இழந்தான். அவனுடைய தாய் என்னிடம் வருத்தப்பட்டார். விடைக்குறிப்பில் ஏழு என்று இருக்கும்போது திருத்துபவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவன் எழுதியது தவறும் அல்ல. ‘ஏழு’ என்று முதல் வரியில் எழுதிவிட்டுப் பிறகு மற்றதை எழுது என்று அவனிடம் சொன்னேன்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

பாடநூல் விடை எது, அது எந்த வழக்கத்திலிருந்து வருகிறது என்பதைக் கண்காட்சியின் முதல் பலகையிலேயே எழுத வேண்டும். மெர்கேட்டர் வரைபடத்துக்குப் பதிலாக உலக உருண்டை வைக்க வேண்டும். பாதிக் குழப்பம் அந்தச் சுவரிலிருந்துதான் தொடங்கியது. கல் எடை பார்க்கும் சோதனையைப் பார்வையாளர்களும் செய்து பார்க்கும்படி வாளியோடு வைக்கலாம். இம்முறை மண்டபத் தரை நனையும் என்று காவலாளி தடுத்துவிட்டார். சர்ச்சைக்குரிய பொருள் எதுவானாலும், அதை முன்வைப்பவரையும் துறை அறிந்தவரையும் வாட்ஸ்அப்பில் பேச்சு முற்றுவதற்கு முன்பே நேரில் உட்கார வைக்க வேண்டும். ஆசியாவையும் ஐரோப்பாவையும் ஒரே தெர்மாகோல் தகட்டில் வெட்டுவதா, இரண்டாகவே விடுவதா என்பது மட்டும் முடிவாகவில்லை. அடுத்த ஆண்டுக் குழுவின் முதல் கூட்டத்துக்கு அது ஒத்திவைக்கப்பட்டுள்ளது.